வண்ணமீன்களுக்கு உணவிடும் முறை: தங்கவயல் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க நண்பரிடம், "மீன் தீனியைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். "மலர்ல வள்ளுவர் இருக்கார், பாவேந்தர் இருக்கார், சுரங்க வரலாறு இருக்கு. நடுவுல மீன் தீனியா?" என்றார். நான் சொன்னேன்: "நம்ம லைன் வீடுங்கள்ல எத்தனை மீன்தொட்டி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அதுல எத்தனை தொட்டி காலியா கிடக்குன்னும் எண்ணிப் பாருங்க." அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயும் ஒரு தொட்டி காலியாகக் கிடப்பது எனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

பிள்ளைகளின் பிடிவாதத்துக்காகவோ, வாஸ்து என்று யாரோ சொன்னதற்காகவோ ராபர்ட்சன்பேட்டையிலோ பெங்களூரிலோ பாலிதீன் பையில் நான்கு மீன்கள் வாங்கி வருகிறோம். பத்து நாளில் ஒன்று மேலே மிதக்கிறது. மாதம் முடிவதற்குள் தொட்டி காலி. "நமக்கு ராசியில்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தவறு பெரும்பாலும் தீனி போடும் நம் கையில்தான் இருக்கிறது. ஒரே வகைத் தீனி, அதுவும் அளவுக்கு மீறி, அதையும் பல கைகள் போடுவது என்ற மூன்றும்தான் வீட்டு மீன்களின் முதல் எதிரிகள். என் அனுபவத்திலும் படிப்பிலும் அறிந்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று சென்னையை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பு பல குடும்பங்களின் பிழைப்பாகவே இருக்கிறது. பெங்களூர்க் கடைகளில் நாம் வாங்கும் கப்பியும் மாலியும் அங்கிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். அவ்வளவு தூரம் பிழைத்து வந்த மீன் நம் வீட்டில் வந்து ஏன் சாகவேண்டும்?

தொட்டிக்குள் போவது தொட்டிக்குள்ளேயே

ஏரியில் மீன் தின்னாமல் விட்டதை ஆயிரம் உயிர்கள் தின்னும்; மழை வந்தால் கழிவு கரைந்து போகும். தொட்டியில் அதற்கு வழியில்லை. மிச்சத் தீனியும் மீனின் கழிவும் அழுகி அம்மோனியாவாகின்றன. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களில்தான் நமக்கு ஆசை அதிகம், தீனியும் அதிகம். மீன் செவுள் எரிந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது பாரு" என்று இன்னும் ஒரு பிடி போடுகிறோம்!

நம் ஊருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரை நம்பியிருந்த காலம் போய், இப்போது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வீடுகளுக்கு வருகின்றன. கோலார் மாவட்ட நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் காரமும் கூடியது. காரம் கூடிய நீரில் அம்மோனியாவின் நஞ்சு கூடுகிறது. நீரின் பி.எச். அளவு 7இலிருந்து 8ஆக உயர்ந்தால், அதே கழிவில் நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகிவிடும். மெல்லிய நீருள்ள ஊரில் ஒருவர் போடும் தீனியை நாம் இங்கே போட்டால், அங்கே பிழைக்கும் மீன் இங்கே சாகும். தண்ணீரை அடிக்கடி மாற்றலாம் என்றால் தண்ணீருக்கு எங்கே போவது? ஆகவே தீனியை அளந்து போடுவது நம் ஊரில் தண்ணீர்ச் சிக்கனமும் ஆகும்.

வாயைப் பார்த்துத் தீனி

கடையில் மீன் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம்; வாயைப் பார்ப்பதில்லை. வாய் மேல்நோக்கி இருந்தால் அது நீரின் மேற்பரப்பில் தின்னும் மீன். கப்பி, மாலி, ஃபைட்டர் இவ்வகை. வாய் நேராக இருந்தால் நடுநீரில் தின்னும். டெட்ரா, ஏஞ்சல் போன்றவை. வாய் கீழ்நோக்கி இருந்தால் அடியில் மேயும். 'சக்கர்' என்று நாம் சொல்லும் மீன் இவ்வகை. மிதக்கும் தீனி மட்டும் போட்டால் அடியில் இருப்பது பட்டினி கிடக்கும். "அது அழுக்கைத் தின்னுக்கும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி சக்கருக்குத் தனியாக எதுவும் போடாமல் இருப்பவர்கள் அநேகம். அது பாசியும் தாவர உணவும் தின்பது. பாசியில்லாத புதுக் கண்ணாடித் தொட்டியில் அது மெல்ல மெலிந்து சாகும்.

குடலையும் பார்க்கவேண்டும். ஃபைட்டர், ஆஸ்கார், ஏஞ்சல் முதலியவை புழுபூச்சி, சிறுமீன் போன்ற உயிருணவை நாடுபவை, குடல் குட்டை. மாலி, பிளாட்டி போன்றவை பாசியையும் சேர்த்துத் தின்பவை, குடல் நீளம். தங்கவயல் வீடுகளுக்குப் பெயரளவிலேயே பொருத்தமான தங்கமீன் எல்லாம் தின்னும். ஆனால் அதற்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. உண்டதைச் சேர்த்து வைக்க இடமில்லாததால் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே திரியும். தேடித் திரிவது அதன் இயல்பு. நாம்தான் அதைப் பசி என்று எண்ணிக்கொள்கிறோம்.

டப்பாத் தீனி

கடையில் விற்கும் குருணைத் தீனியும் செதில் தீனியும் கெட்டவை அல்ல. நல்ல தயாரிப்பில் மீனுக்கு வேண்டிய புரதம், கொழுப்பு, வைட்டமின் எல்லாம் இருக்கும். குறை நம் பழக்கத்தில் இருக்கிறது. விலை மலிவென்று பெரிய டப்பா வாங்கி, தொட்டி விளக்கின் மேலேயே வைத்து, ஒரு வருடம் போடுகிறோம். திறந்த டப்பாவில் வெப்பமும் ஈரமும் பட்டு முதலில் அழிவது வைட்டமின் 'சி'. பெரும்பாலான மீன்களால், நம்மைப் போலவே, இந்த வைட்டமினை உடம்பில் உண்டாக்க முடியாது. குறைந்தால் முதுகெலும்பு வளையும், புண் ஆறாது, நோய் எளிதில் பிடிக்கும். முதுகு கூனிய மீனைப் பார்த்து "பிறவிக் கோளாறு" என்கிறோம்; பல வேளைகளில் அது பழைய டப்பாவின் கோளாறு. சிறிய டப்பாவாக வாங்குங்கள், தேதி பாருங்கள், இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள்.

பிஸ்கட், பிரெட், சோறு, பொரி ஆகியவை வேண்டாம். கோயில் குளத்தில் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அது குளம், இது தொட்டி. மாவுப்பொருள் நீரில் ஊறிக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். மீனுக்கும் அதில் சத்து குறைவு.

உயிர்த் தீனியும் காமசமுத்திரமும்

மீனுக்கு மிகவும் பிடித்தது கொசுப்புழு. இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்தின் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1866இல் டிரினிடாட் தீவிலிருந்து மாதிரி அனுப்பிய லெக்மியர் கப்பி என்பவரின் பெயரைத் தாங்கிய சிறுமீன்தான் நம் கப்பி. இதையும் கம்பூசியா என்னும் மீனையும் 1990களில் இங்கே பங்காருபேட்டையை அடுத்த காமசமுத்திரம் பகுதிக் கிராமங்களின் கிணறு, குட்டைகளில் மலேரியா ஆராய்ச்சியாளர்கள் விட்டார்கள். கிணற்றில் பெருகிய அனோபிலிஸ் கொசுவின் புழுக்களை மீன்கள் தின்றன; மலேரியா வெகுவாகக் குறைந்தது. கடையில் அழகுக்கு வாங்கும் மீன், பக்கத்து ஊரில் உயிர் காத்த மீன்!

ஆனாலும் கொசுப்புழு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மீனுக்காகப் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் கொசு வளர்க்காதீர்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு நாள் மறந்தால் மீனுக்கு வைத்தது டெங்குவாகித் தெருவுக்குப் போகும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் புழு தானாகவே தோன்றும். அதைத் தேயிலை வடிகட்டியால் அள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, மீன் உடனே தின்னும் அளவு மட்டும் போடுங்கள். குடிக்காத புழக்கத்துக்கான டிரம்மில் இரண்டு கப்பியை விட்டுவிட்டாலும் சரி. ஆனால் கப்பியையும் கம்பூசியாவையும் ஏரியிலும் ஆற்றிலும் கொண்டுபோய் விடக்கூடாது. அவை நம் மண்ணின் சிறுமீன்களை நெருக்கி ஒழித்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். சயனைடு மேடுகளின் அடிவாரத்தில் தேங்கும் மழைத்தண்ணீரில் புழுவோ பூச்சியோ பிடிக்காதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். சாக்கடையில் கிடைக்கும் டியூபிபெக்ஸ் என்னும் சிவப்புப் புழுவும் அப்படியே. மீன் அதை ஆவலாகத் தின்னும். ஆனால் சாக்கடையின் நோய்க்கிருமியும் கூடவே வரும். கடையில் உலர்த்தியோ உறைய வைத்தோ விற்பது அதைவிட மேல்.

பாதுகாப்பான உயிர்த் தீனி வேண்டுவோர் ஆர்ட்டீமியா பொரிக்கலாம். தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் இந்தச் சிற்றுயிரியின் முட்டைகள் மண்தூள்போல டப்பாவில் கிடைக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்புக் கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டை இட்டு, காற்றுக்குழாய் விட்டு, விளக்கடியில் வையுங்கள். 28 டிகிரி வெப்பத்தில் ஒன்று, ஒன்றரை நாளில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாய்ப் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடவேண்டும். மீன்குஞ்சுகளுக்கு இதைவிடச் சிறந்த உணவு கிடைப்பது அரிது. இது முடியாதவர்கள், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து, ஊசிமுனையளவு தரலாம். அதற்கு மேல் போனால் தண்ணீர் நாறிவிடும்.

கீரையும் நிறமும்

"வாங்கும்போது செக்கச்செவேல்னு இருந்துச்சு, இப்போ வெளுத்துப்போச்சு" என்பது பொதுவான குறை. மீன் தன் சிவப்பையும் மஞ்சளையும் தானாக உண்டாக்க முடியாது. கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள் உணவில் வந்தாகவேண்டும். பாசியிலும் இறாலிலும் கேரட்டிலும் செண்டுமல்லிப் பூவிலும் இருப்பது அதுதான். சுருள்பாசி சேர்ந்த தீனி, துருவி வேகவைத்த கேரட், இறால் தலையைக் காயவைத்து அரைத்த தூள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வாரம் இருமுறை கிடைத்தால் இரண்டொரு மாதத்தில் நிறம் திரும்பத் தொடங்கும்.

பாலக்கீரையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் கல்லில் கட்டி இறக்கினால் மாலியும் சக்கரும் மொய்க்கும். வெள்ளரித் துண்டும் அப்படியே. வயிறு உப்பித் தலைகீழாய் நீந்தும் தங்கமீனை ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுத்தால் பல வேளைகளில் சரியாகும். மருந்தடித்த காய்கறியை நன்றாகக் கழுவவேண்டும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்து மீனைக் கொன்றுவிடும். போட்ட காய்கறி மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும்.

இட்லிப் பானையில் மீன் தீனி

வீட்டிலேயே தீனி செய்ய விரும்புவோர்க்கு: உப்பில்லாத நெத்திலிக் கருவாட்டுத் தூள் 80 கிராம், கடலைப் புண்ணாக்குத் தூள் 50 கிராம், கோதுமை மாவு 40 கிராம், அரிசித் தவிடு 30 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி அரைத்த கீரை. உப்புக் கருவாடாக இருந்தால் ஊறவைத்துப் பலமுறை அலசிக் காயவையுங்கள். எல்லாவற்றையும் கெட்டியாகப் பிசைந்து இட்லிப் பானையில் இருபது நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறிய பிறகு ஒரு வைட்டமின் மாத்திரையைப் பொடித்துச் சேர்க்கவேண்டும். சூட்டில் சேர்த்தால் வைட்டமின் 'சி' போய்விடும். பிறகு இடியாப்ப அச்சில் பிழிந்து, நிழலில் மொறுமொறுவெனக் காயவைத்து நொறுக்கினால் குருணை தயார். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புண்ணாக்கில் பூஞ்சை மணம் வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும்.

நம் மாவட்டப் பட்டுத் தொழிலில் கழிவாகும் கூட்டுப்புழுவும் புரதம் மிகுந்த தீனிதான். ஆனால் கொழுப்பு அதிகம், விரைவில் சிக்குப்பிடிக்கும். காயவைத்துப் பொடித்ததைச் சிறிதளவே சேர்க்கலாம்.

எவ்வளவு? யார் போடுவது?

முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்கிறார் வள்ளுவர். மீனுக்கும் அதுவே விதி. வளர்ந்த மீனுக்கு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. குஞ்சுகளுக்கு மட்டும் நாளைக்கு நான்கைந்து முறை, மிகச் சிறிதாக.

அளவு தெரிந்தும் எங்கள் வீட்டில் மீன்கள் செத்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அப்பா வீட்டில் இருந்தார். நாங்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இருட்டியபின் திரும்பினோம். அவர் பொழுதுக்காகத்தான் அந்தத் தொட்டியை வாங்கினோம். காலையில் நான் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு ஓடுவேன். எழுந்ததும் அம்மா ஒன்று. பள்ளிக்கூடம் போகும் முன் பிள்ளை ஒன்று. அப்பா பகலில் இரண்டு முறை. இரவு வந்து மறுபடி நான். ஆளாளுக்கு ஒரு சிட்டிகைதான்; யார் மேலும் குற்றமில்லை. பதினோரு மீன்களில் மூன்று மிஞ்சின.

அப்பா அதிகம் பேசாதவர். முப்பது வருஷம் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். ஒரு நாள் தொட்டிக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி அடித்தார். சோடா மூடி இரண்டைத் தட்டி ஓட்டை போட்டு இடது ஆணியில் மாட்டினார். "கீழ இறங்கறப்போ டோக்கன் மாத்துவோம்ல, அதே மாதிரி. தீனி போட்டவங்க ஒண்ணை எடுத்து வலது பக்கம் மாட்டணும். ரெண்டும் வலது பக்கம் போயிடுச்சுன்னா அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சுது, எவனும் கை வைக்கக் கூடாது" என்றார். காலையில் இடது பக்கம் திருப்பி மாட்டுவது அவர் வேலை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தீனியால் மீன் சாகவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல யோசனை எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா இப்போது இல்லை. டோக்கன் மாற்றும் வேலை என் மகளிடம் இருக்கிறது.

குளிரும் ஊர்ப்பயணமும்

நம் ஊர் 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் தொட்டித் தண்ணீரும் நன்றாகக் குளிரும். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். குளிரில் செரிமானம் மந்தப்படும். அந்த மாதங்களில் ஒரு வேளை தீனி போதும், அதுவும் வெயிலேறிய பிறகு.

பொங்கலுக்கோ ஆடித் திருவிழாவுக்கோ திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறோம். நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன் ஐந்தாறு நாள் தீனியில்லாமல் இருக்கும், கவலை வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாவம், அவர்கள் அன்பாகத்தான் கொட்டுவார்கள். கூடுதல் நாள் என்றால் ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவை ஒளித்து வையுங்கள்.

வார முறை

எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பது இது. காலை வேளையில் எப்போதும் குருணைத் தீனி. மாலையில் திங்கள், வியாழன் வீட்டுத் தீனி. செவ்வாய், வெள்ளி உயிர்த் தீனி அல்லது உலர்ந்த புழு. புதன், சனி கீரை, பட்டாணி, கேரட். ஞாயிறு பட்டினி, அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றுதல். புதுத் தண்ணீரைக் குளோரின் போக முதல் நாளே பிடித்து வைத்துவிடுவோம். வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும் நாளில் மீனுக்கு விரதமா என்று மகள் கேட்பாள். அதன் பலனை மறுவாரம் அதுவே நீந்திக் காட்டும்.

இதைப் படிப்பவர்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் தொட்டியை ஒருமுறை எடுத்துக் கழுவிப் பாருங்கள். கசிவில்லையென்றால் நான்கு கப்பி வாங்குங்கள். மீனைத் தொட்டியில் விடும் முன்பே சுவரில் இரண்டு ஆணி அடித்துவிடுங்கள்.